நாலு வீட்டுக்கு ஒரு கிரைண்டர்: டில்டிங் வாங்கலாமா, டேபிள் டாப் போதுமா?

கிரைண்டர் பற்றி எழுதுகிறவர்கள் மாவு எவ்வளவு நைசாக வருகிறது, உளுந்து எவ்வளவு பொங்குகிறது என்றுதான் எழுதுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு அது இரண்டாம் பட்சம். ஓரளவு நல்ல 2 லிட்டர் கிரைண்டர் எதுவாக இருந்தாலும் உளுந்தை ஒழுங்காகவே அரைத்துவிடும். வம்பெல்லாம் அரைத்து முடித்த பிறகுதான். குழவியைத் தூக்க வேண்டும், டிரம்மைச் சாய்த்து மாவை வழிக்க வேண்டும், கழுவிக் கவிழ்க்க வேண்டும். தோள்பட்டை பிடித்துக்கொள்வதும் கட்டைவிரல் மூட்டில் சுரீர் என்பதும் அங்கேதான். பரண்களில் கிரைண்டர் தூங்குவதற்கும் பாக்கெட் மாவு வாங்குவதற்கும் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, இந்தக் கனம்தான்.

அதனால் இந்த விமர்சனம் ஒரே கேள்வியை வைத்து எழுதியது: கையில் வலுக் குறைந்த, மூட்டு வலி உள்ள நாலு பெண்கள் சேர்ந்து புழங்க எந்த வகை கிரைண்டர் தோது? கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே வகைக்குள் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசமும் இல்லை.

முதலில் ஏன் நாலு வீடு என்று சொல்லிவிட வேண்டும். கிரைண்டரில் கொஞ்சமாக அரைக்க முடியாது. 2 லிட்டர் டிரம்மில் 100 கிராம் உளுந்தைப் போட்டால் குழவிக்கு அடியில் அகப்படாமல் ஓரமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். பதமாக அரைய 200 கிராம் உளுந்தாவது வேண்டும். அதற்கு 800 கிராம் இட்லி அரிசி, ஒரு டீஸ்பூன் வெந்தயம். தண்ணீர் எல்லாம் சேர்ந்து சுமார் 2.4 கிலோ மாவு வரும். ஏறக்குறைய ஐம்பது இட்லி. பிள்ளைகள் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்ட வீட்டில், இருப்பது இரண்டு பேர் அல்லது ஒருத்தி மட்டும். ஐம்பது இட்லி மாவு ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் கிடந்து, நாலாம் நாள் புளித்து, ஆறாம் நாள் ஊத்தப்பம் ஆகி, ஏழாம் நாள் சாக்கடைக்குப் போகும். அதே மாவை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 600 கிராம். ஒரு வேளை இட்லி, மறுநாள் தோசை, தீர்ந்தது. வாரம் இரண்டு முறை அரைத்தால் புதுசு புதுசாகவே கிடைக்கும்.

இப்போது கிரைண்டருக்கு வருவோம்.

பழைய தரை கிரைண்டர், அதாவது ஒற்றைக் குழவி வகையை இந்த வயதில் யோசிக்கவே வேண்டாம். மாவின் பக்குவத்தில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, உண்மைதான். ஆனால் குனிந்து, குத்துக்காலிட்டு, வழுக்கும் கல்லை நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும். முழங்கால், இடுப்பு, மணிக்கட்டு மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்கிற வேலை அது. வீட்டில் இருந்தால் விற்றுவிடலாம்.

டேபிள் டாப்பில் இரண்டோ மூன்றோ சின்னக் குழவிகள் ஒரு கைப்பிடியில் கோத்திருக்கும். டிரம்மைத் தனியாகக் கழற்றலாம். விலை ஏறக்குறைய 4,000 முதல் 7,000 ரூபாய். தூக்கும்போது குழவி செட்டை முதலில் எடுத்துவிட்டாலும், அடிக்கல்லும் மாவும் சேர்ந்த டிரம் ஐந்து கிலோவுக்குக் குறையாது. ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்குவது வேறு, இது வேறு. விளிம்பு வழவழவென்று இருக்கும், கை ஈரம், பிடிக்கக் காது கிடையாது. இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை: உயரம். சமையல் மேடை சுமார் 32 அங்குலம். அதன்மேல் கிரைண்டரை வைத்தால் டிரம்மின் வாய் நெஞ்சுக்கு வந்துவிடும். ஐந்தடி உயரப் பெண் அங்கிருந்து டிரம்மைத் தூக்கினால் முழு பாரமும் தோளில்தான் இறங்கும். ஏற்கெனவே தோள் இறுகிப்போனவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, கை அந்த உயரத்துக்குப் போகவே போகாது. மேடையை விட்டு இறக்கி, 18 அங்குல உயரத்தில் ஆடாத ஸ்டூல் ஒன்றின் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். அதிர்வில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே அரைக்கலாம், வழிக்கலாம்.

டில்டிங் வகை இந்தத் தூக்கலைத் தவிர்க்கத்தான் வந்தது. பூட்டை விடுவித்துப் பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்தால் டிரம் சாயும், மாவு ஏனத்தில் விழும். டேபிள் டாப்பைவிட இரண்டு மூன்றாயிரம் கூடுதலாகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; புழங்கும்போது நாலு சங்கடம் தெரியும். ஒன்று, அடியில் ஏனம் வைக்க இடம் வேண்டும். மேடையின் நடுவில் வைத்தால் சாய்க்க முடியாது, ஓரத்துக்கு இழுக்க வேண்டும், 15 கிலோவைத் தாண்டும் மாடல்கள் உண்டு. இரண்டாவது, அரிசி மாவு தானாக ஓடிவரும், உளுந்து மாவு வராது. எப்படியும் கையாலோ கரண்டியாலோ வழித்துத்தான் ஆக வேண்டும். மூன்றாவதுதான் பெரிது: பல மாடல்களில் டிரம்மைக் கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுபோக முடியாது. இருந்த இடத்திலேயே தண்ணீர் ஊற்றி, ஒரு சுற்று ஓட்டி, சாய்த்துக் கொட்டி, மறுபடி ஊற்றி, மூன்று முறையாவது கழுவ வேண்டும். அப்போது விளிம்பு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கி அச்சுப் பக்கம் போனால் பேரிங் துருப்பிடிக்கும். நாலாவது வடை மாவு. தண்ணீர் காட்டாமல் கெட்டியாக அரைத்த உளுந்து சாய்த்தாலும் அசையாது. அமாவாசை, விசேஷம் என்று வடைக்கு அடிக்கடி அரைக்கிறவர்கள் வீட்டில் டில்டிங்குக்கு ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, தனியாக இருந்து தனியாகவே அரைக்கிறவர் என்றால் டில்டிங். இரண்டு பேர் கூட நிற்பார்கள் என்றால் டேபிள் டாப். என் ஓட்டு டேபிள் டாப்புக்குத்தான். ஒருவர் இரண்டு கையாலும் டிரம்மைச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் வழிக்க, மூன்று நிமிட வேலை. யாரும் தனியாக எதையும் தூக்க வேண்டாம். டிரம் ஸ்டூல் விளிம்பிலேயே சாய்ந்து நிற்கும். சாய்ப்பதற்கென்று கூடுதலாக மூவாயிரம் கொடுப்பதைவிட, எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிடுவது மலிவு.

கூட்டாக அரைப்பதில் மாவு கெடுவது பெரும்பாலும் பிரிக்கும்போதுதான். புளித்த பிறகு பிரிக்கக் கூடாது. பொங்கி நிற்கிற மாவைக் கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றினால் உள்ளே இருக்கிற காற்று போய்விடும், இட்லி தட்டையாகும். பழி உளுந்தின் மேல் விழும். அரைத்த கையோடு, உளுந்தையும் அரிசியையும் ஒன்றாகக் கலந்து, உடனே பிரித்துவிடுங்கள். உப்புப் போடாமல் பிரிப்பது இன்னும் நல்லது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அவரவர் வீட்டில் அவரவர் அளவு உப்புப் போட்டுக் கையால் கலந்துகொள்ளட்டும். கொண்டுவரும் ஏனம் 600 கிராம் மாவுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் கொள்ள வேண்டும். தூக்குச்சட்டி என்றால் மூடியை அழுத்தி மூடாதீர்கள், ராத்திரி பொங்கித் தானே திறந்துகொள்ளும். சென்னை வெயிலில் ஆறு மணி நேரத்தில் புளித்துவிடும். மார்கழியில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கேட்கும்.

அரைக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், நாலு கை சேரும் இடத்தில் ஒரே முறையாக இருப்பது அவசியம். இல்லாவிட்டால் வாரா வாரம் சண்டை. அரிசி நாலைந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒரு மணி போதும்; வெயில் காலத்தில் ஊறுகிற ஏனத்தையே ஃப்ரிட்ஜில் வைக்கலாம். மோட்டாரை ஓடவிட்டு, பிறகு உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். டிரம்மை நிரப்பிவிட்டு சுவிட்சைப் போட்டால் பெல்ட் வழுக்கும். குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து 25 நிமிடம். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். 35 நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் மாவு சூடாகி, பொங்கினது அமுங்கும். டிவி சீரியல் பார்க்க உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். அதனால் டைமர் உள்ள மாடலாக வாங்குங்கள். மணி அடிக்கும் டைமர் அல்ல, தானாக அணைக்கும் டைமர். கிரைண்டர் சத்தத்தில் மணி கேட்பதில்லை, காது கொஞ்சம் மந்தமானவர்களுக்குக் கேட்கவே கேட்காது. உளுந்தை எடுத்துவிட்டு, கழுவாமல் அப்படியே அரிசியைப் போட்டு, ரவைப் பதத்தில் 20 நிமிடம்.

ஓடும்போது கை உள்ளே போகக் கூடாது. முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், வளையலை ஏற்றிவிடுங்கள். எட்டிப் பார்க்கும்போது மூக்குக் கண்ணாடி டிரம்முக்குள் விழுவதும் நடக்கிற காரியம்தான். மாவைத் தள்ளிவிட நீளமான மரக் கரண்டி போதும். சர்க்கரை உள்ளவர்கள் குழவியை விரலால் தேய்த்துக் கழுவாமல் பிரஷ் வைத்துக்கொள்வது நல்லது. கல்லில் சிராய்த்த காயம் ஆற நாளாகும்.

செலவு? 150 வாட் மோட்டார் 45 நிமிடம் ஓடினால் சுமார் 0.11 யூனிட். மாதம் எட்டு முறை என்றாலும் ஒரு யூனிட் தாண்டாது. யார் வீட்டுக் கரண்ட் என்று கணக்குப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமும்கூட. பணம் கேட்பது பழுதுதான். வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் ஒரு டப்பாவில் போட்டுவந்தால் வருஷத்துக்கு 960. பெல்ட், ஓரத்து மாவை வழித்துவிடும் பிளாஸ்டிக் தகடு, குழவிக்குள் இருக்கும் புஷ் மூன்றுக்கும் காணும்.

பழுதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம். மோட்டார் ஓடுகிறது, டிரம் நிற்கிறது என்றால் பெல்ட். மோட்டார் உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர், அல்லது வோல்டேஜ் குறைவு. கையால் சுற்றிவிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், அணைத்துவிடுங்கள். டக் டக் என்று அடித்தால் குழவிக் கைப்பிடி பூட்டில் சரியாக உட்காரவில்லை. மாவில் கறுப்புக் கோடு தெரிந்தால் குழவிக்குள் இருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அந்த மாவைக் கொட்டிவிடுங்கள், மனசு வராவிட்டாலும். டிரம்மின் ஓரத்தில் மாவு அரையாமல் ஒட்டியே நின்றால் பிளாஸ்டிக் தகடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் போவது அதுதான். புதுக் கிரைண்டரில் முதல் இரண்டு தடவை ஒரு கைப்பிடி ஊறிய அரிசியை அரைத்துக் கொட்டினால்தான் கல் பொடி போகும்.

கிரைண்டர் யார் வீட்டில் இருக்க வேண்டும்? தரைத்தள வீட்டில், மூட்டு வலி அதிகமுள்ளவர் வீட்டில். மற்றவர்கள் இறங்கி வரட்டும். ஊறப் போடுவது ஒருவர், அரைக்கும்போது கூட நிற்பது இரண்டு பேர், கழுவுவது இன்னொருவர், வாரா வாரம் முறை மாறும். மாடிப்படி ஏற முடியாத மாமிக்குச் சட்டியை மேலே கொண்டுபோய்க் கொடுப்பதும் கழுவுகிறவர் பொறுப்பு. அரைக்கிற நாளில் ஒரு வீட்டுச் சட்டி வரவில்லை என்றால் போன் அடிக்க வேண்டாம், போய்க் கதவைத் தட்டுங்கள். தனியாக இருக்கிறவர் காய்ச்சலில் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் அப்படித்தான் தெரியவருகிறது.

கூடவே விற்கும் உபரிப் பாகங்களில் சப்பாத்தி மாவு பிசைவான் பிரயோஜனம். 500 கிராம் மாவைப் பிசைந்து கொடுத்துவிடும். விரல் மடங்கிப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. தேங்காய்த் துருவி வேண்டாம். சுற்றும் பல்லின் மேல் மூடியை அழுத்திப் பிடிக்க நல்ல பிடிமானம் வேண்டும். அது இருந்தால் துருவுபலகையே போதுமே.

வாங்குவதற்கு முன் பரணைப் பாருங்கள். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த டேபிள் டாப் நாலு வீட்டில் ஒரு வீட்டிலாவது இருக்கும். பெல்ட்டும் புஷ்ஷும் மாற்றினால் பல ஓடுகின்றன. இருவர் சேர்ந்து இறக்குங்கள். புதுசுதான் என்றால் நாலு பேரும் கடைக்குப் போங்கள். கையில் வலு மிகக் குறைந்தவர் யாரோ அவர்தான் சோதிக்க வேண்டும். டிரம்மில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றச் சொல்லி, குழவிப் பூட்டைத் திருகித் திறந்து, டிரம்மைச் சாய்த்துக் கொட்டிப் பார்க்கட்டும். தண்ணீர் ஊற்றக் கடைக்காரர் யோசித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.