மூன்று வார லீவில் சீட் வாக்கர் வாங்குவது

ஊருக்கு லீவில் வரும் பிள்ளைகள் சர்ஜிக்கல் கடைக்குப் போவது பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான். குலதெய்வம் கோயில், கல்யாண வீடு, வங்கி வேலை, பல் டாக்டர் எல்லாம் முடிந்து பெட்டி கட்டும்போதுதான் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது கண்ணில் படும். அன்று மாலையே ஓடிப்போய், பிடித்து நடக்கவும் இடையில் உட்காரவும் உதவும் நாலு சக்கர, சீட் வைத்த வாக்கர் ஒன்றை வாங்கி ஹாலில் நிறுத்திவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். அடுத்த முறை வரும்போது அதன் மேல் துண்டு காய்ந்துகொண்டிருக்கும்.

வாங்குவதை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். புது வண்டி ஓடத் தொடங்கிய சில நாட்களில் அதன் பிரேக் கேபிள் கொஞ்சம் இழுபட்டுத் தளரும், திருகுகளும் நெகிழும். முதல் கோளாறு வெளிப்படும் அந்த நாட்களில் நாம் ஊரில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடுக்கிவிடலாம். இல்லாவிட்டால் அம்மா தளர்ந்த பிரேக்கை நம்பி உட்காருவார், வண்டி பின்னால் நழுவும். ஒருமுறை நழுவிவிட்டால் போதும், பிறகு அதைத் தொட மாட்டார்.

கடையில் ரோலேட்டர் என்று கேட்டால் சிலருக்குத்தான் புரியும். 'நாலு சக்கரம், கைப்பிரேக், சீட் வைத்த வாக்கர்' என்றால் உடனே எடுத்து வருவார்கள். சென்னையில் பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவிலும், மதுரையில் ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றியும், மற்ற ஊர்களில் பெரிய ஆஸ்பத்திரி வாசல் எதிரிலும் இந்தக் கடைகள் இருக்கின்றன. ஆனால் கடையில் ஓட்டிப் பார்க்க இடம் இருக்காது. மேலே பரணில் அட்டைப் பெட்டியில் இருப்பதை இறக்கி, பாதி பூட்டி, 'இது எல்லாருக்கும் செட் ஆகும் சார்' என்பார்கள். எல்லோருக்கும் செட் ஆகாது. அதற்கு இன்ச் டேப்தான் சாட்சி.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே நான்கு அளவுகள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது கைப்பிடி உயரம். நிமிர்ந்து நின்று, கைகளைத் தளரத் தொங்கவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கக் கோட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். வெளிநாட்டில் ஷூவோடு அளக்கச் சொல்வார்கள். நம் வீட்டில் நடப்பது வெறுங்காலில், ஆகவே வெறுங்காலோடு அளப்பதே சரி. அந்த உயரத்தில் கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்கும், தோள் தூக்காது.

இங்கேதான் நம் ஊர்ப் பாட்டிமார்களுக்குச் சிக்கல். 145 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு மணிக்கட்டு சுமார் 70 சென்டிமீட்டரில் இருக்கும். கூன் விழுந்திருந்தால் இன்னும் கீழே. கடையில் நிற்கும் வண்டிகளில் பலவற்றின் கைப்பிடியைக் கடைசித் துளை வரை இறக்கினாலும் 78, 80க்குக் கீழே வராது. எட்டு சென்டிமீட்டர் அதிகமானால் தோள் இரண்டும் காதுக்கு ஏறும், உடல் எடையைக் கைக்கு மாற்ற முடியாது, பிரேக்கை அழுத்த விரலில் வலு இருக்காது. 'கொஞ்ச நாளில் பழகிடும்' என்று கடைக்காரர் சொன்னால் ஏற்க வேண்டாம்.

இரண்டாவது சீட்டின் உயரம். சராசரி சீட் 53 முதல் 56 சென்டிமீட்டர். குள்ளமானவர் அதில் ஏறி உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடாது. கால் ஊன்றாமல் சக்கரம் வைத்த சீட்டில் உட்காருவது ஸ்டூலில் தொங்குவதைவிட மோசம். பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். குள்ளமானவர்களுக்கென்று சீட் 46, 48 சென்டிமீட்டரில் இருக்கும் தாழ்ந்த மாடல்கள் உண்டு. கடையில் இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது, இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இடுப்பு இடிக்காமல் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று பாருங்கள்.

நான்காவது வண்டிக்கல்ல, வீட்டுக்கு. வண்டியின் மொத்த அகலம் 58 முதல் 68 சென்டிமீட்டர் வரை இருக்கும். நம் பாத்ரூம் கதவு பல வீடுகளில் 24 இன்ச், அதாவது 61 சென்டிமீட்டர். அதிலும் கதவைத் திறந்து வைத்தால் பலகையின் தடிமன் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தின்னும். கதவு திறந்த நிலையில் மிஞ்சும் இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். பழைய வீடுகளில் நிலைப்படி இரண்டு இன்ச், நான்கு இன்ச் என்று நிற்கும். சமையலறைக்கு ஒன்று, பூஜை அறைக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று. இந்த வண்டியை 1978இல் உருவாக்கியவர் ஐனா விஃபால்க் என்ற சுவீடன் நாட்டுப் பெண். போலியோவால் பாதிக்கப்பட்டவர். அவர் நம் நிலைப்படிகளைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பார் என்று தோன்றும்.

எட்டு இன்ச் சக்கரம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மேட்டை நேராக அணுகினால் ஏறும். அதற்கு மேல் சரிவுப் பலகை வேண்டும். ஒரு இன்ச் உயரத்துக்குப் பன்னிரண்டு இன்ச் நீளம் என்பது கணக்கு. நான்கு இன்ச் நிலைப்படிக்கு நான்கடிப் பலகை. ஊர்த் தச்சர் பிளைவுட்டில் அரை நாளில் செய்து தருவார். மேலே சொரசொரப்பான ரப்பர் விரிப்பும், இரண்டு ஓரத்திலும் சக்கரம் இறங்காமல் ஒரு இன்ச் சட்டமும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். பாத்ரூமுக்குள் வண்டியே வேண்டாம். ஈரத் தரையில் பிரேக் போட்டாலும் பூட்டிய சக்கரம் அப்படியே வழுக்கும். வாசல் வரை வண்டி, உள்ளே சுவரில் துருப்பிடிக்காத கைப்பிடிக் கம்பி, குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கம்பியை டைல்ஸில் மட்டும் திருகாமல் செங்கல் வரை துளைத்துப் பூட்ட வேண்டும்.

சக்கரத்தில் ஆறு இன்ச், எட்டு இன்ச், பத்து இன்ச் என்று வரும். ஆறு இன்ச் மொசைக் தரைக்கு மட்டும். தெருவில் இறங்கினால் சரளைக் கல்லில் முன்சக்கரம் குறுக்கே திரும்பி நின்றுவிடும், பின்னால் வருபவர் முன்னால் விழுவார். வாசலில் மண் தரை, பக்கத்தில் கோயில் என்றால் எட்டுக்குக் குறைய வாங்காதீர்கள். நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கும் டயர் நல்லது. பளபளவென்று கெட்டியாக இருக்கும் பிளாஸ்டிக் டயர் டைல்ஸில் சத்தம் போடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

சட்டம் இரும்பா அலுமினியமா என்ற கேள்வியில் எடைதான் தீர்ப்புச் சொல்லும். இரும்பு ஒன்பது, பத்து கிலோ. அலுமினியம் ஏழு கிலோ சுற்றி. படியில் தூக்கி இறக்கப்போவது வீட்டில் இருக்கும் மருமகளோ வேலைக்கு வரும் அக்காவோதான், வெளிநாட்டுப் பிள்ளை அல்ல. நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று ஊரில் இரும்பு வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் மடங்கி, மடித்தபடியே தானாக நிற்கும் வகை ஆட்டோவில் ஏற்றுவதற்கு வசதி. முன்பின்னாக மடங்கும் பழைய வகை மடித்த பிறகும் அதே அகலம் இருக்கும்.

பிரேக்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியில் பழுதாவது பெரும்பாலும் அதுதான். லீவரை மேலே இழுத்துப் பிடித்தால் வேகம் குறையும், விட்டால் ஓடும். கீழே அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும், மேலே இழுத்தால் விடும். கடையிலேயே உட்காரப்போகிறவரின் கையால் பத்து முறை பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். மூட்டுவாதத்தில் விரல் மடங்காதவரால் மூன்றாவது முறையே முடியாமல் போகும். அப்படிப்பட்டவருக்கு லீவர் இல்லாமல் எடையை அழுத்தினால் பிடிக்கும் பிரேக் உண்டு. ஒரு பக்கம் பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கையால் இரண்டு சக்கரத்தையும் பூட்டும் பிரேக் உண்டு. இரண்டுமே இங்கே சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலான வண்டிகளில் பிரேக் கட்டை நேராக டயரின் மேல் அழுத்தும். பூட்டாதபோது கட்டைக்கும் டயருக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சந்து போதும். டயர் தேயத் தேயச் சந்து பெரிதாகும், கேபிளும் தளரும், பூட்டினாலும் சக்கரம் மெல்ல உருளும். பின்சக்கரத்துக்கு மேலே கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன நட்டும் திருகுக் குழலும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, குழலை வெளிப்பக்கமாகத் திருகினால் கேபிள் இறுகும். பிறகு நட்டை முடுக்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்கம் வேண்டும். ஒரு பக்கம் முந்திப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இது அப்படியே சைக்கிள் பிரேக் வேலைதான். வாரண்டி என்று கடைக்கு அலைவதைவிடத் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரிடம் நாம் இருக்கும்போதே ஒருமுறை காட்டிவிடுவது புத்திசாலித்தனம். வாரண்டி பல கடைகளில் சட்டத்துக்கு மட்டும்தான், கேபிளும் சக்கரமும் தேய்மானக் கணக்கில் போய்விடும். பில் போடும்போதே உதிரிக் கேபிள் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் நுனியில் உள்ள ஈயக் குமிழ் எல்லா மாடலுக்கும் ஒன்றாக இராது. கேபிள் வெளியே வளையமாகத் தொங்கும் வண்டியில் சேலை முந்தானை மாட்டும். குழாய்க்குள்ளே ஓடும் கேபிளாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

எல்லோருக்கும் இந்த வண்டி பொருந்தாது, இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் கடுக்கிறது, இடையில் உட்கார வேண்டும் என்பவருக்குச் சரி. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த கையோடு, முழு எடையையும் கையில் போட்டு நடப்பவருக்குச் சக்கரமில்லாத, அல்லது முன்னால் மட்டும் இரண்டு சக்கரமுள்ள சாதாரண வாக்கர்தான். நான்கு சக்கரம் அவரை விட்டுவிட்டு ஓடும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடை தானாக வேகமெடுக்கும், வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் பிரேக் இல்லாத வண்டி ஆபத்து. மறதி நோய் கூடியவர் பிரேக் போட மறப்பார்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் இப்போது சிறு நகரங்களிலும் கிடைக்கிறார்கள். ஒரு முறை வரவழையுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி என்று பார்ப்பார். பன்னிரண்டு வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று அர்த்தம். சென்னையில் இருப்பவர்களுக்கு கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும், கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும்.

ஏழை முதியோருக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் வாக்கர், சக்கர நாற்காலி எல்லாம் இலவசம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் கேட்கலாம். ஒரு முகாமில் அளவு எடுத்து, பின்னொரு முகாமில் தருவார்கள், மூன்று வார லீவுக்குள் நடக்கும் காரியமல்ல. விவரம் கேட்க முதியோர் உதவி எண் 14567.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமா என்றால், கொண்டுவரலாம். ஆனால் சக்கரம் உடைந்தால் அதே சக்கரம் இங்கே கிடைக்காது. குள்ளமானவருக்கான தாழ்ந்த மாடல் இங்கே எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் அங்கிருந்து வாங்கி வாருங்கள், கேபிளும் சக்கரமும் உதிரியாகச் சேர்த்து. கனடாவின் ஒன்டாரியோவில் சக்கர வாக்கருக்கு 75 சதவீதம் அரசு உதவி கிடைக்கிறதே என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அது அந்த மாகாணத்தில் வசிப்பவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு அல்ல.

இரண்டாவது வாரம் பழக்குவதற்கு. பின்சக்கரங்களுக்கு நடுவே நின்று நடக்க வேண்டும். வண்டியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் குனிந்து போனால் முதுகு வலிக்கும், விழவும் நேரும். உட்காருமுன் வண்டியைச் சுவரில் முட்டக் கொடுத்து, இரண்டு பிரேக்கையும் பூட்டி, திரும்பி, காலின் பின்பக்கம் சீட்டில் படும் வரை பின்னால் வந்து, கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார வேண்டும். சரிவில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவரை வண்டியோடு தள்ளிக்கொண்டு போவதைப் பேரப்பிள்ளைகள் கட்டாயம் செய்து பார்ப்பார்கள். முன்சக்கரம் ஒரு கல்லில் மாட்டினால் தலைகுப்புறத்தான், முதல் நாளே கண்டித்து வையுங்கள். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டாமல் சீட்டுக்கடியில் உள்ள கூடையில் வைக்க வேண்டும், ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம்.

கிளம்பும் வாரத்தில் ஒருமுறை எல்லாத் திருகுகளையும் முடுக்கி, கேபிளை மறுபடி இழுத்துக் கட்டி, சக்கர அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியையும் நூலையும் கத்தரித்து எடுங்கள். கைப்பிடிக் குழாயில் சரியான துளைக்கு நேரே பெயிண்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். வீட்டைக் கழுவும்போதோ, பிள்ளைகள் விளையாடும்போதோ உயரம் மாறிவிட்டால் எந்தத் துளை என்று வீடியோ காலில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்பேனரையும் உதிரிக் கேபிளையும் ஒரு பையில் போட்டுக் கூடையின் அடியிலேயே கட்டிவிடுங்கள்.