டியூனப் என்று கேட்டு 46,500 ரூபா கொடுத்த கதை

போன மாதம் திருகோணமலையில் ஒரு கராஜில் என் காருக்கு 'ஃபுல் டியூனப்', அதாவது இஞ்சினைச் சீராக ஓடவைக்கும் செட்டிங் வேலை, செய்தேன். பில் 46,500 ரூபா. அதில் எழுதியிருந்த வேலைகளில் ஒன்றை என் காரில் யாராலும் செய்யவே முடியாது. இன்னொன்றை அவர்கள் தொடவே இல்லை. இது எனக்குத் தெரியவந்தது காசு கட்டி ஐந்து நாள் கழித்து. கராஜின் பெயரை இங்கே போடப் போவதில்லை. பில்லை எழுதிய விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு அது போதும்.

கார் டொயோட்டா எக்ஸியோ, 1500 சிசி. பஸ் நிலையத்துக்கு முன்னால் நெரிசலில் நிற்கும்போது இஞ்சின் நடுங்கத் தொடங்கியது. உவர்மலை ஏற்றத்தில் கார் வெட்டி வெட்டி இழுத்தது, டேஷ்போர்டில் இஞ்சின் லைட் மின்னியது. நேரே கராஜுக்குப் போய், "பாஸ், ஒரு டியூனப் போட்டு விடுங்கள்" என்றேன். என்ன பழுது என்று அவர்கள் பார்ப்பதற்கு முன்னாலேயே என்ன வேலை என்று நான் சொல்லிவிட்டேன். முதல் பிழை என்னுடையது.

இந்தச் சொல் என் வாயில் வந்ததற்குக் காரணம் அப்பா. அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. சில மாதத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பொனட்டைத் திறந்துவிடுவார். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தைத் தொட்டு விலகித் துண்டிக்கும், கருகிப்போன பொயின்ட்டை மண்கடதாசியால் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்கு வைப்பார். கேஜ் காணாமல் போன நாளில் சிகரெட் பெட்டி அட்டையை வெட்டி அளந்ததும் உண்டு. பொயின்ட்டின் குதிப்பகுதி சுழலும் கேமில் உரசித் தேய்வதால் இடைவெளி தானாகக் குறையும், அதோடு டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், நகர்ந்துவிடும். பிறகு வால்வைத் தள்ளும் டெப்பெட்டின் இடைவெளி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர். காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டபடியே நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். கடைசியில் நிலாவெளி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். அந்த இஞ்சினுக்கு டியூனப் உண்மையாகவே தேவைப்பட்டது.

எக்ஸியோவில் பொயின்ட்டும் இல்லை, டிஸ்ரிபியூட்டரும் இல்லை. நான்கு பிளக்கின் தலையிலும், பொறிக்கு மின்சாரம் தரும் கொயில் ஆளுக்கொன்று உட்கார்ந்திருக்கிறது. எப்போது பொறி விழவேண்டும், எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்பதை சென்சர்களைக் கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. நல்ல இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீற்றர் வரை ஓடும். பழைய டியூனப்பில் மிச்சம் இருப்பது பிளக், எயார் ஃபில்டர், இஞ்சினுக்குக் காற்று போகும் திரொட்டில் பொடியைக் கழுவுவது, அவ்வளவுதான். வேலை போய்விட்டது, சொல் மட்டும் நின்றுவிட்டது. அந்தச் சொல்லுக்குத்தான் அவர்கள் பில் போடுகிறார்கள்.

பில் இதுதான்: பிளக் நான்கு 18,000, டெப்பெட் செட்டிங் 6,000, டைமிங் செட்டிங் 4,500, இன்ஜெக்டர் கிளீனிங் 6,000, கம்ப்யூட்டர் டியூனிங் 12,000. இரண்டு மணித்தியாலத்தில் கார் தயார். லைட் அணைந்திருந்தது. மணிக்கூடு மட்டும் பிழையான நேரம் காட்டியது, ரேடியோவில் போட்டுவைத்த அலைவரிசைகளும் காணவில்லை. பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டினால் இப்படி ஆகும், இஞ்சின் லைட்டும் தற்காலிகமாக அணையும் என்று அப்போது தெரியாது. 12,000 ரூபா கம்ப்யூட்டர் டியூனிங் என்பது பத்தாம் நம்பர் சாவியால் பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டிய வேலை.

ஐந்தாம் நாள் கண்டிக்குப் புறப்பட்டோம். கந்தளாய் தாண்டி ஹபரணைக்கு முன்னால் மறுபடியும் அதே நடுக்கம், இஞ்சின் லைட்டில் அதே மின்னல். மெதுவாகத் திரும்பி, சீனக்குடாப் பக்கம் இருக்கும் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் எடுத்தது, காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுக் கோட்டை வாசிக்கும் ஸ்கேனரைத்தான். பி0303 என்று வந்தது. "மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை தம்பி" என்றவர், மூன்றாவது கொயிலையும் முதலாவது கொயிலையும் இடம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். இப்போது கோட் பி0301. பழுது கொயிலோடு சேர்ந்து நடந்து போயிருக்கிறது! ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கொயில் 7,500, கூலி 1,500. கார் அமைதியானது. (கொயில் போய்விட்டது என்று வீட்டில் சொன்னபோது அம்மா "எந்தக் கோயில்?" என்று பதறியது தனிக்கதை.)

பிளக்கைக் கழற்றிக் காட்டினார். எல்லாம் என் பழைய பிளக், கம்பித் தூரிகையால் தேய்த்து மினுக்கியிருந்தார்கள். ஊசி போன்ற இரிடியம் நுனியில் அப்படித் தேய்க்கவே கூடாதாம். வால்வ் மூடியின் போல்ட்களில் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்படியே படிந்திருந்தன. மூடியைத் திறக்காமல் டெப்பெட் வைக்க வழியில்லை. அதுவும் இந்த இஞ்சினில் திருகி வைக்க ஸ்குரூவே கிடையாது, கேம் ஷாஃப்டைக் கழற்றி டெப்பெட்டையே மாற்றவேண்டும். டைமிங்கைத் திருப்பி வைக்க டிஸ்ரிபியூட்டரும் இல்லை.

லைட் மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிக் கொன்வேர்ட்டரைச் சுட்டுவிடும், புகைப் பரிசோதனையிலும் மாட்டுவீர்கள். கராஜில் டியூனப் என்று கேட்காமல், கோட் என்ன என்று கேட்டு ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிளக்கைக் கையில் தரச் சொல்லுங்கள், வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பற்றரியைக் கழற்றுமுன் கோட்டைப் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள்.

பில்லோடு திரும்பிப் போனேன். முதல் இரண்டு தடவையும் "முதலாளி இல்லை". மூன்றாம் தடவை ஆளைப் பிடித்தேன். பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டைமிங்கைப் பெடியன் பிழையா எழுதிட்டான் அண்ணன்" என்று 4,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தார். டெப்பெட் காசைக் கேட்டேன். "அது செய்த வேலைதானே" என்றார்.