41 சதவீதத்தில் அணையும் பவர் ஸ்டேஷன்: ஒரு தொகுதியா, முழு பேக்கா, எல்எஃப்பியா?

மூன்று வருடம் குறை வைக்காமல் உழைத்த என் பவர் ஸ்டேஷன் (பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றாக அடங்கிய, தூக்கிச் செல்லும் பெட்டி) ஒரு ராத்திரி, திரையில் 41 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தது. சார்ஜ் போட்டால் 100 வரை ஏறியது. ஓடவிட்டால் மறுபடியும் நாற்பதை ஒட்டி நின்றது. "பேட்டரி போச்சு, புதுசு வாங்கிடு" என்றார்கள். வாங்குவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்ப்போம் என்று மூடியைக் கழற்றி, பிஎம்எஸ் என்கிற, செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட் பலகைக்கு வரும் மெல்லிய கம்பிகளில் மல்டிமீட்டரை ஒவ்வொன்றாக வைத்தேன். தொடர் இணைப்பில் ஏழு தொகுதிகள், தொகுதிக்கு ஏழு செல்கள், மொத்தம் 49 செல் கொண்ட பேக். ஆறு தொகுதிகள் 3.70 வோல்ட்டை ஒட்டி இருந்தன. நான்காவது மட்டும் 3.02.

இப்படி அளப்பதை இரண்டு தடவை செய்ய வேண்டும்: முழு சார்ஜில் ஒன்று, அணைந்த கையோடு ஒன்று. ஒரு தொகுதி இறங்கும்போதும் முதலில் சரிந்து, ஏறும்போதும் முதலில் 4.2 வோல்ட்டைத் தொட்டால் அதன் கொள்ளளவே சுருங்கிவிட்டது என்று பொருள். அங்கே செல் மாற்றாமல் தீராது. இரண்டு நேரத்திலும் மற்றவற்றுக்குக் கீழேயே இருந்தால் கொள்ளளவு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, சமநிலைதான் கெட்டிருக்கிறது. என்னுடையது இரண்டாவது ரகம். முழு சார்ஜில் மற்ற ஆறும் 4.19-ல் இருக்க, இது 3.86-ல் நின்றது.

சமநிலை அவ்வளவு தூரம் கெட நானும் ஒரு காரணம். 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற அறிவுரையை ஒன்றரை வருடம் ஒரு நாள் விடாமல் கடைப்பிடித்திருந்தேன். அறிவுரையில் தவறில்லை. ஆனால் பெரும்பாலான பிஎம்எஸ்கள், சார்ஜ் உச்சத்தை நெருங்கும்போதுதான் தொகுதிகளைச் சமன்படுத்துகின்றன. அதுவும் சில பத்து மில்லி ஆம்பியர் அளவில். 20 ஆம்பியர்-அவர் தொகுதியில் 41 சதவீதம் பின்தங்கினால் 8 ஆம்பியர்-அவருக்கு மேல். 50 மில்லி ஆம்பியரில் அதை ஈடுகட்ட 160 மணி நேரம் தாண்டிவிடும். அன்றாடம் 80-ல் நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை 100 வரை ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் செருகியபடியே விடுங்கள். எல்எஃப்பி என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு இது இன்னும் அவசியம். அதன் வோல்ட்டேஜ் நடுவில் நெடுந்தூரம் ஒரே மட்டத்தில் ஓடுவதால், முழு சார்ஜைத் தொடாமலே இருந்தால் திரையில் தெரியும் சதவீதமும் மெல்ல மெல்லப் பொய்யாகிவிடும்.

ஆயுளை நீட்டும் மற்ற வழிகளில் எனக்குப் பெரிதாகப் படுவது வெப்பம் ஒன்றுதான். கோபால்ட் கலந்த லித்தியம் அயான் செல்லுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: 40 டிகிரி செல்சியஸில் முழு சார்ஜோடு ஒரு வருடம் சும்மா கிடந்தால் கொள்ளளவு 65 சதவீதத்துக்கு வரும், அதே வெப்பத்தில் 40 சதவீத சார்ஜோடு கிடந்தால் 85 சதவீதம் மிஞ்சும், 25 டிகிரியில் 40 சதவீதத்தோடு கிடந்தால் 96. ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமலே இவ்வளவு தேய்மானம். வெயில் படும் காருக்குள் முழு சார்ஜோடு வைத்துவிட்டுப் போவதுதான் இந்தப் பெட்டிக்கு நாம் செய்யும் பெரிய கேடு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவதும் கூடாது, லித்தியம் உலோகமாக எதிர்முனையில் படிந்துவிடும். காலியாகப் பெட்டியில் போட்டு மறந்துவிடவும் வேண்டாம். அணைத்து வைத்தாலும் பிஎம்எஸ் கொஞ்சம் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

சரி, கெட்டபின் என்ன செய்யலாம்?

முதலில் நான் செய்தது செலவில்லாத வைத்தியம். வோல்ட்டேஜையும் ஆம்பியரையும் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளையை 4.19 வோல்ட், 1 ஆம்பியருக்கு வைத்து, பின்தங்கிய தொகுதியை மட்டும் தனியாக ஏற்றினேன். பெட்டி பழையபடி ஓடியது. நான்கு மாதம். அப்புறம் அதே தொகுதி மறுபடி சரிந்தது. அதற்குள் இருக்கும் ஏழு செல்களில் ஏதோ ஒன்று தானாகவே சார்ஜை இழக்கிறது என்பது அப்போது உறுதியானது. சமன்படுத்தியபின் இரண்டு வாரம் சும்மா வைத்து அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: 2 வோல்ட்டுக்குக் கீழே பல நாள் கிடந்த தொகுதியை இப்படி எழுப்பப் பார்க்காதீர்கள். உள்ளே செம்புத் தகடு கரைந்து, சார்ஜ் ஏறும்போது குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படலாம். உப்பியிருந்தாலோ இனிப்பு கலந்த ரசாயன நெடி வந்தாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது, அந்த ஒரு தொகுதியை மட்டும் மாற்றுவது. கேட்கச் சிக்கனமாக இருக்கும். வாங்கி ஒரு வருடத்துக்குள் ஒரு தொகுதி கெட்டால் நானும் இதைத்தான் செய்வேன். மூன்று வருடப் பழைய பேக்கில் வேண்டாம். தொடர் இணைப்பில் மிகவும் நலிந்த தொகுதி எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மொத்த பேக்கும். புதிய தொகுதியில் மிச்சம் இருக்கும், பயன்படாது. அடுத்து நலிந்தது எல்லையாகிவிடும். தொகுதிக்குள் ஒரே ஒரு செல்லை மாற்றுவது அதைவிட மோசம். உள்மின்தடை குறைந்த புதிய செல், பக்கத்துப் பழைய செல்களின் பங்கையும் சேர்த்து இழுக்கும்.

மூன்றாவது, அதே வகை செல்களில் முழு பேக். நான் கடைசியில் செய்தது இதுதான். வோல்ட்டேஜ், பிஎம்எஸ், சார்ஜர், திரை எதையும் தொட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஆம்பியர். இன்வெர்ட்டர் 500 வாட் தரும்போது, பேக் 21 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில், அதன் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 26 ஆம்பியர் இழுக்கும். ஏழாகப் பிரித்தால் செல்லுக்கு 4 ஆம்பியருக்குச் சற்றுக் கீழே. மோட்டார் கிளம்பும் நொடியில் அது இரண்டு மடங்காகும். கொள்ளளவை மட்டும் பார்த்து, அதிகபட்சம் 5 ஆம்பியர் மட்டுமே தரக்கூடிய செல் வாங்கினால் அந்த நொடியில் அணையும். 9900 மில்லி ஆம்பியர்-அவர் என்று மேலே அச்சிட்ட 18650 (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீள உருளை) செல் பொய், தொடவே வேண்டாம். இணைப்புக்கு நிக்கல் பட்டையும் ஸ்பாட் வெல்டிங்கும்தான். செல்லின் முனையில் நேராகச் சாலிடரிங் வைத்தால் சூட்டில் உள்ளே இருக்கும் பிரிப்பான் கெடும். ஸ்பாட் வெல்டிங் பழகாதவர்கள் இந்த ஒரு கட்டத்தை மட்டுமாவது பழகியவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. குறுக்குச் சுற்று ஏற்பட்டால் ஸ்குரூடிரைவர் முனையே உருகும்.

நான்காவது, எல்எஃப்பிக்கு மாறுவது. ஆசை காட்டும் வழி இது. 80 சதவீதக் கொள்ளளவுக்குத் தேய, என்எம்சி என்கிற, என் பெட்டியில் இருக்கும் நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகை சில நூறு முதல் ஆயிரம் சார்ஜ் சுற்றுகள் வரை தாங்கினால், எல்எஃப்பி 2000, 3000 என்று போகும். சூடேறினாலும் அதன் பாஸ்பேட் அமைப்பு ஆக்சிஜனை எளிதில் விடாது. தீ பிடிக்கும் அபாயம் குறைவு. கணக்கும் பொருந்துவது போலத் தெரியும்: ஏழு என்எம்சி தொகுதிகளின் உச்சம் 29.4 வோல்ட், எட்டு எல்எஃப்பியின் உச்சம் 29.2. ஆனால் பழைய சார்ஜர் 29.4 கொடுத்தால் எல்எஃப்பி செல்லுக்கு 3.675 வருகிறது, வரம்போ 3.65. ஆக எட்டுத் தொகுதிக்கான தனி பிஎம்எஸ் கட்டாயம். திரை என்எம்சி கணக்கிலேயே பேசும். நெடுநேரம் ஐம்பதை ஒட்டிக் காட்டிவிட்டு ஒரேயடியாக விழும். பழைய கூட்டுக்குள் கொள்ளளவில் பாதியோ, மூன்றில் இரண்டு பங்கோதான் அடங்கும். எல்லாவற்றையும்விட, பிஎம்எஸ்ஸும் இன்வெர்ட்டரும் தரவுக் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும் மாடலாக இருந்தால், புதிய பேக்கைப் பார்த்ததும் பெட்டி கிளம்பவே மறுக்கலாம். கழற்றுவதற்கு முன் பேக்கில் இருந்து எத்தனை கம்பி போகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். தொகுதிக் கம்பிகளும் தடித்த இரண்டும் தவிர, பிஎம்எஸ்ஸில் இருந்து இன்வெர்ட்டர் பலகைக்குத் தனிக் கனெக்டர் ஒன்று போனால் எல்எஃப்பி ஆசையை விட்டுவிடலாம்.

அப்படிப்பட்ட பெட்டிக்கும், பசை ஊற்றி மூடிய பேக்குக்கும் இன்னொரு வழி இருக்கிறது. உள்ளே இருப்பதைத் தொடாமல், காரில் இருந்து சார்ஜ் ஆகும் துளைக்கு வெளியே ஒரு 12 வோல்ட் எல்எஃப்பி பேட்டரியை இணைப்பது. ஏறும் வேகம் சுமார் 100 வாட்தான், ஆக மிக்ஸி ஓட்ட உதவாது. மின்விசிறி, விளக்கு, ரவுட்டர் என்றால் நலிந்த பேக் வெறும் இடைத்தொட்டியாக இருந்து இன்னும் பல காலம் ஓடும். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுவிடுங்கள்.