இடுப்பு மூட்டு இடிப்பு: பிசியோவா, நுண்துளை அறுவையா?

இடுப்பு மூட்டு இடிப்பு உள்ளவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அவர்களால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்ட முடியாது. கட்டைவிரல் பின்பக்கம், மற்ற விரல்கள் தொடை இடுக்குப் பக்கம் என்று இடுப்பையே கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். குந்தி உட்கார்ந்தால் வலி, காரில் நெடுநேரம் இருந்தால் வலி, குனிந்து சாக்ஸ் போட்டாலும் வலி.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. பந்தின் கழுத்தோரம் எலும்பு புடைத்திருந்தால் கேம் வகை, கிண்ணத்தின் விளிம்பு நீண்டிருந்தால் பின்சர் வகை. சிலருக்கு இரண்டும் உண்டு. காலை நன்றாக மடக்கும்போது எலும்போடு எலும்பு இடிக்கிறது, நடுவில் லேப்ரம் என்ற விளிம்பு வளையம் மாட்டி நசுங்குகிறது. ஆனால் வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் இந்தப் புடைப்பு தெரியும். அதனால்தான் நிபுணர்கள் கூடி எடுத்த 2016 வார்விக் உடன்பாடு, இந்த நோய் என்று முடிவுகட்ட அறிகுறி, மருத்துவப் பரிசோதனை, படம் மூன்றும் பொருந்த வேண்டும் என்றது. படத்தை மட்டும் காட்டி ஆபரேஷன் என்றால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

நுண்துளை அறுவையில் காலை இழுத்துப்பிடித்து மூட்டை விலக்கி, கேமரா வழியே பார்த்தபடி புடைப்பைச் செதுக்குகிறார்கள், கிழிந்த லேப்ரத்தைத் தைக்கிறார்கள். இடிப்புக்கான காரணமே போகிறது என்பது இதன் பலம். அப்புறம் சில வாரம் ஊன்றுகோல், ஓட்டம் விளையாட்டு என்றால் மாதக்கணக்கு. இழுத்துப்பிடித்ததால் சிலருக்குக் கொஞ்ச நாள் மரத்துப்போவதும் உண்டு.

பிசியோ எலும்பின் வடிவத்தைத் தொடாது. பிட்டத் தசையையும் வயிற்றுத் தசையையும் பலப்படுத்தி, இடிக்கும் கோணத்துக்குப் போகாமல் உடம்பைப் பழக்குகிறது.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது பிரிட்டனின் ஃபேஷன் ஆய்வு. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, 348 பேர். நூற்றுக்குப் போடும் இடுப்பு மதிப்பெண் (கூடினால் நல்லது) ஓராண்டில் அறுவைக்குழுவில் 39-இலிருந்து 59 ஆனது, பிசியோ குழுவில் 36-இலிருந்து 50. தொடக்க வித்தியாசத்தையெல்லாம் சரிக்கட்டிப் பார்த்தால் இடைவெளி 6.8. நோயாளியே உணரக்கூடிய மாற்றத்துக்கு வைத்த அளவு 6.1. அறுவை முந்தியது உண்மை, ஆனால் கொஞ்சம்தான். செலவும் அதற்கே அதிகம்.

இங்கே "பிசியோ பார்த்தேன், கேட்கவில்லை" என்பவரிடம் என்ன செய்தார்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் பத்து நாள் கரண்ட் வைத்து ஒத்தடம் கொடுத்ததாகத்தான் இருக்கும். அந்த ஆய்வில் பிசியோ என்றது அதுவல்ல. 12 முதல் 24 வாரத்துக்குள் 6 முதல் 10 முறை நேரில் பார்த்து, ஆளுக்கேற்பப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினார்கள். அப்படி ஒரு மூன்று மாதம் செய்து பார்க்காமல் அறுவைக்குப் போக வேண்டாம் என்பேன். செய்தும் வலி விடவில்லை, மூட்டுத் தேய்மானமும் இல்லை என்றால் அறுவையைத் தாராளமாக யோசிக்கலாம். தேய்மானம் முற்றியிருந்தால் செதுக்கிப் பெரிய பயன் இல்லை.

ஸ்டீராய்டு ஊசி தற்காலிகம்தான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் சில வாரம் தரையில் குந்துவதை விட்டு, முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்திருக்கும் நாற்காலியில் உட்காருங்கள்.