குளமா, கல்லா, பழவேற்காடா? ஒரு வடசென்னைக் குடும்பத்தின் தூண்டில் கணக்கு

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து கட்டாயம் உண்டு. பிள்ளைகளுக்கு லீவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். படகுக்குப் போகும் என் மச்சானும் வீட்டில்தான் இருப்பான். "மாமா, எங்கேயாவது ரெண்டு நாள் போய்த் தூண்டில் போடலாமா?" என்று அவனே ஆரம்பிப்பான். வருஷம் முழுக்க மீனோடு கிடப்பவனுக்கு லீவிலும் மீன்!

இதுவரை மூன்று இடங்களைப் பார்த்துவிட்டோம். திருவொற்றியூர் தூண்டில் வளைவு, பழவேற்காடு, கடைசியாக ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்தக் குளத்தோடு வாடகைக்கு விடும் ஒரு பண்ணைக் குடில். செங்குன்றம் ஏரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரி.

தூண்டில் வளைவுக் கல்லில் உட்கார்ந்து தூண்டில் போடச் செலவே கிடையாது. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள்தான் தூண்டில் வளைவு. சின்ன இறாலைக் குத்திப் போட்டால் கிழங்கான் வரும், கெளுத்தி வரும். காற்று பிரமாதம். ஆனால் பாசி பிடித்த கல்லில் கால் வைத்தால் வழுக்கும், இடுக்கில் மாட்டினால் முட்டி போய்விடும். நிழல் இல்லை, கழிப்பறை இல்லை. அம்மாவையும் எட்டு வயதுப் பையனையும் அங்கே அரை நாள் உட்கார வைக்க முடியாது. இன்னும் வடக்கே போய் எண்ணூர் முகத்துவாரத்தில் போடலாமே என்பார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெயும் மனசை விட்டுப் போகவில்லை. அங்கே பிழைப்பு நடத்துபவர்களைச் சொல்லவில்லை, கெடுத்தவர்கள் வேறு.

பழவேற்காடு பார்க்க அழகு. ஆனால் தூண்டில் போடுவதற்கென்று போனால் ஏமாற்றம்தான். ஏரியில் எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்பதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பாடு முறை இருக்கிறது. அவர்கள் முறை வைத்துப் பிழைக்கும் தண்ணீரில் லீவுக்கு வந்தவன் நடுவே போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, படகுச் சவாரி என்று யாராவது கூப்பிட்டாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. பூநாரைகளும் குளிர்காலத்து விருந்தாளிகள். மே மாதத்தில் அவற்றை நம்பிப் போகக் கூடாது. நண்டும் மடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

அப்புறம் குளம். இங்கேதான் விஷயம் நிறைய இருக்கிறது.

இப்படிப்பட்ட குளங்களில் பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து விட்டிருப்பார்கள். ஜிலேபி மீன் அழைக்காமலே வந்திருக்கும். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். அதனால் தக்கையை எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோம் என்பதில்தான் பாதி வேலை. ரீல் வைத்த கம்பெல்லாம் வேண்டாம். மூங்கில் கழி, மெல்லிய நரம்பு, சின்ன முள், கோதுமை மாவில் கடலைப் புண்ணாக்கு சேர்த்துப் பிசைந்த உருண்டை போதும். தினமும் எந்த மூலையில் தீவனம் போடுகிறார்கள் என்று காவல்காரரிடம் கேட்டுக்கொண்டால் மீதிப் பாதியும் முடிந்தது.

முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கே போய் நின்றோம். நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நூறு மீன். "பசியில கெடக்குது மாமா" என்றான் மச்சான். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ராத்திரி முழுக்கப் பாசியும் சேர்ந்து மூச்சு விடுவதால் விடியும் நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும்; அவை இரை தேடவில்லை, மூச்சுக்குத் தவித்தன. வெயில் ஏறி எட்டு மணியான பிறகுதான் தக்கை அசைந்தது. மத்தியானம் மறுபடி சுத்தம். சாயங்காலம் கொஞ்சம் பரவாயில்லை. கடலில் இருபது வருஷ அனுபவம் குளத்தில் செல்லாது என்பதை மச்சான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பிடித்த மீனுக்குக் கிலோ கணக்கில் தனியாகக் காசு கேட்டார்கள். திருப்பி விடவும் கூடாதாம். இதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று, பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்த குளம் என்றால் பிள்ளைகளோடு போகவே வேண்டாம். சரிவில் பாசி பிடித்துவிட்டால் நீச்சல் தெரிந்த பெரியவரே பிடிமானம் கிடைக்காமல் ஏற முடியாது. எங்களுடையது மண் கரை. அப்படியும் பையன் இடுப்பில் கயிறு கட்டித்தான் விட்டோம்.

ருசி? அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "மண்ணு வாடை" என்று தட்டைத் தள்ளினார். காசிமேட்டு ஏலத்தில் வாங்கிப் பழகிய நாக்கு. குளத்துப் பாசியால் வரும் வாடை அது. உப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் ஓரளவு குறைகிறது, போகவில்லை.

இவ்வளவு சொல்லியும் குடும்பத்தோடு போக எனக்குக் குளம்தான். தனியாகப் போக ஆசை வந்தால் கல். குளம் என்றதற்குக் காரணம், இரண்டாம் நாள் காலை பையன் தூண்டிலில் உள்ளங்கை அகல ஜிலேபி ஒன்று மாட்டியது. முதுகு முள் குத்தாமல் தலையிலிருந்து வாலை நோக்கிக் கையால் தடவி மடக்கிப் பிடிக்க மச்சான்தான் சொல்லிக்கொடுத்தான். பையன் அதை அரை மணி நேரம் பக்கெட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். மச்சானுக்கு அந்த இரண்டு நாளில் ஒன்றும் மாட்டவில்லை.

மே மாதத்தில் தண்ணீர் வற்றிச் சூடேறிக் கிடக்கிறது, பொங்கல் லீவில் வந்தால் குளம் நிரம்பியிருக்கும் என்றார் காவல்காரர். ஜனவரிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மச்சான் அப்போது கடலில் இருப்பான்.