பரிசாகக் கொடுத்த பட்டறைக் கருவிகள்: மூன்று வருடம் கழித்து மேஜையில் இருப்பவை, பரணில் ஏறியவை

கருவிப் பித்து பிடித்தவருக்குப் பரிசு வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் நம் கண்ணைப் பறிப்பது அவரிடம் ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால், யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டிருப்பார். ட்ரில்லுக்கு யோசிக்காமல் ஐயாயிரம் கொடுக்கிறவர் அதில் மாட்டும் பிட்டுக்கு ஐந்நூறு கொடுக்கத் தயங்குவார். பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், கிளாம்ப், அளவுக் கருவி எல்லாம் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றே தள்ளிப்போகும். பரிசு வாங்க வேண்டியது அந்தப் பட்டியலிலிருந்துதான்.

பெட்டி பிரித்த அன்று எல்லாக் கருவியும் அழகாகத்தான் இருக்கும். மூன்று நான்கு வருடம் புழங்கிய பிறகு எது எப்படி ஆகிறது என்பதே இங்கே பேச்சு.

தாடைகளுக்கு நடுவே பிடித்துத் தடிமன், விட்டம் அளக்கும் டிஜிட்டல் காலிப்பரில் தொடங்கலாம். 150 மிமீ, எஃகு உடல். பிளாஸ்டிக் உடல் வேண்டவே வேண்டாம், அழுத்தினால் வளைந்து அளவு மாறும். பரிசாக அதிகம் போவதும் இதுதான், "கெட்டுப்போச்சு" என்று ஓரங்கட்டப்படுவதும் இதுதான். பெரும்பாலும் கெட்டிருக்காது, செல் தீர்ந்திருக்கும். மலிவு ரகங்களில் ஆஃப் பட்டன் திரையை மட்டும் அணைக்கும். உள்ளே எண்ணும் மின்சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். அது இழுப்பது வெறும் 20 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், 150 மில்லிஆம்பியர் மணி உள்ள பட்டன் செல் பத்து மாதத்தில் காலி. டிராயருக்குள் சும்மா கிடந்தாலும் இதே கதைதான். கூடவே வரும் செல் பெரும்பாலும் எல்ஆர்44, அதாவது அல்கலைன். அதன் வோல்ட்டேஜ் படிப்படியாக இறங்கும். பாதிச் சரக்கு மிச்சம் இருக்கும்போதே எண்கள் சிமிட்டத் தொடங்கிவிடும். அதே அளவில் வரும் எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு செல் 1.55 வோல்ட்டில் தொடங்கி, தீரும் வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். காலிப்பரோடு இந்தச் செல் நாலும் வைத்துக் கொடுங்கள். நீண்ட நாள் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போதே சோதித்துவிடலாம். தாடைகளுக்கு நடுவே வெள்ளைத் தாளை வைத்து லேசாக மூடி உருவினால் எண்ணெய்ப் பிசுக்கு வந்துவிடும். பிறகு முழுக்க மூடி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சக் கீற்று ஒருபக்கம் மட்டும் தெரிந்தால் தாடை கோணல். பூஜ்யம் வைத்து, பத்துத் தடவை திறந்து மூடினால் 0.00 அல்லது 0.01-க்குத் திரும்ப வேண்டும். உண்மையான அளவோடு ஒப்பிட விலை உயர்ந்த கேஜ் பிளாக் (துல்லிய அளவில் செய்த கட்டை) தேவையில்லை, பேரிங் கடையில் ஒரு 6202 வாங்கினால் போதும். சீலிங் ஃபேனில் போடும் அதே பேரிங்தான். வெளிவிட்டம் 35 மிமீ, உள்விட்டம் 15 மிமீ. தரமான பேரிங்கில் இந்த இரண்டும் சுமார் 0.01 மிமீ வித்தியாசத்துக்குள் இருக்கும். அகலம் 11 மிமீ என்று போட்டிருந்தாலும் அதை நம்பி ஒப்பிடக் கூடாது, அகலத்துக்கு 0.12 மிமீ வரை தளர்வு அனுமதி உண்டு. காலிப்பர் பெட்டிக்குள் புது பேரிங் ஒன்றையும் போட்டுக் கொடுத்தால், பரிசு பெறுபவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய வெர்னியர் காலிப்பருக்குச் செல் தொல்லையே கிடையாது, 0.02 மிமீ வரை படிக்கலாம். ஆனால் வெள்ளெழுத்து வந்தவரிடம் அதைக் கொடுத்தால் கோட்டோடு கோடு சேர்வதைப் பார்க்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு டயல் காலிப்பர் நல்லது. என்ன, இரும்புத்தூள் அதன் பல்சட்டத்தில் சிக்கினால் முள் குதிக்கும்.

அடுத்து வைஸ். ஒருவரின் பட்டறையையே மாற்றிவிடும் பரிசு என்றால் இதைத்தான் சொல்வோம். நாலு இன்ச், அதாவது 100 மிமீ தாடை வீட்டுக்குப் போதும். சுழலும் அடித்தளம் பார்க்க நன்றாக இருக்கும். நாளாக நாளாக அந்தச் சுழல் இடமே லொடலொடக்கும். வேறு காரணம் இல்லாவிட்டால் அடித்தளம் அசையாத ரகமே வாங்குங்கள். கடையிலேயே இரண்டு சோதனை. தாடையைப் பாதி திறந்து, அசையும் தாடையைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரிகிற அளவு தூக்கினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு தாள் துண்டை தாடையின் இரு கோடியிலும் வைத்து மூடி இழுங்கள். ஒன்று கெட்டியாக நின்று மற்றது உருவிக்கொண்டு வந்தால் தாடை இணையாக இல்லை.

வைஸ் கெடுவது பெரும்பாலும் மாட்டிய விதத்தால். மர ஸ்குரு போட்டு மாட்டினால் ஆறு மாதத்தில் ஓட்டை பெரிதாகி ஆடும். மேஜையைத் துளைத்து, அடியில் பெரிய வாஷர் வைத்து, போல்ட் நட் போட வேண்டும். இடம் மேஜைக் காலுக்கு நேர் மேலே. நிலைத்தாடை மேஜை விளிம்பைவிட ஒரு நூல் வெளியே வர வேண்டும். அப்போதுதான் நீளமான பட்டையைச் செங்குத்தாகப் பிடிக்கலாம், விளிம்பு இடிக்காது. உயரம், நின்றால் முழங்கை தாடையைத் தொடும் அளவு.

கைப்பிடியில் பைப்பைச் செருகி முறுக்குகிறவர்கள் உண்டு. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விட்டு உடையும். அதற்கு முன் உள்ளிருக்கும் நட் போய்விடும். இன்னொரு தவறு, பொருளைத் தாடையின் ஒரு கோடியில் மட்டும் பிடிப்பது. மறு கோடியில் அதே தடிமனில் ஒரு துண்டு வைத்தால் தாடை கோணாது. வைஸோடு சேர்த்துக் கொடுக்க ஒரு நல்ல இணைப்பு உண்டு: 25 மிமீ அலுமினிய ஆங்கிளில் (எல் வடிவப் பட்டை) தாடை நீளத்துக்கு இரண்டு துண்டு. தாடையின் மேல் கவிழ்த்துவிட்டால் பித்தளை, மரம், மரை எதிலும் பல் பதியாது. அறுப்புக் கூலியோடு சேர்த்தாலும் செலவு பெரிதில்லை.

கிளாம்ப் எத்தனை இருந்தாலும் போதாது. ஆனால் "பத்து அளவில் பத்து" என்று வரும் செட்டை எடுக்காதீர்கள். சட்டம் ஒட்ட ஒரே அளவில் நாலு வேண்டும். 12 இன்ச் எஃப் கிளாம்ப் (எஃப் எழுத்து வடிவில் இருப்பது) நாலு நல்ல பரிசு. வருடம் போனால் நகரும் கை வழுக்க ஆரம்பிக்கும். காரணம் தேய்மானம் அல்ல, தண்டின் வெட்டுகளில் படிந்த பசையும் துருவுக்காகப் பூசிய எண்ணெயும். பசையைச் சுரண்டி, துடைத்து, சாக்பீஸ் தேய்த்தால் மறுபடி கவ்வும். வேங்கை, கருவேலம் போன்ற துவர்ப்பு மிகுந்த மரத்தில் ஈரப் பசையோடு கிளாம்ப் தண்டு பட்டுக்கொண்டே இருந்தால் கறுப்புக் கறை விழும். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து மை ஆகிவிடுகிறது, இழைத்தாலும் சீக்கிரம் போகாது. தண்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு துண்டு பேக்கிங் டேப் ஒட்டினால் போதும்.

ஆங்கிள் கிரைண்டர் வைத்திருப்பவருக்கு டிஸ்க் கொடுக்கலாம், தயக்கமே வேண்டாம். நம் ஊரில் அதிகம் புழங்குவது நாலு இன்ச் மெஷின், டிஸ்க்கின் நடு ஓட்டை 16 மிமீ. அஞ்சு இன்ச் மெஷினுக்கு ஓட்டை 22.23 மிமீ. அவர் மெஷினைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரும்பு அறுக்க 1 அல்லது 1.2 மிமீ தடிமன். பலருக்குத் தெரியாத விஷயம்: டிஸ்க்குக்கும் காலாவதி உண்டு. நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் காலாவதி ஆகும் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். பசை ரெசின், செய்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் அதன் கணக்கு. கடற்கரை ஊர் ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் அதற்கு முன்பே வலுவிழக்கும். அதனால் ஐம்பது வாங்கிக் குவிக்காமல் பத்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் கொடுங்கள். சுற்று வேகத்தையும் பாருங்கள். நாலு இன்ச் டிஸ்க்கில் 15,000-க்கு மேல் எழுதியிருக்கும், மெஷின் ஓடுவது 11,000 அல்லது 12,000. டிஸ்க் எண் எப்போதும் மெஷின் எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். கிரைண்டரில் மாட்டும் பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடை மட்டும் யாருக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள். பல் மாட்டினால் மெஷின் கையைவிட்டுத் துள்ளும், நிறுத்த நேரம் இருக்காது.

கார்ட்லெஸ் ட்ரில்தான் பலரும் யோசிக்கும் பெரிய பரிசு. வாங்குமுன் அவரிடம் இருக்கும் பேட்டரி எந்த பிராண்ட் என்று பாருங்கள். அதே பேட்டரி ஏறும் வெறும் மெஷினை வாங்கினால் செலவும் குறையும், சார்ஜரும் இரண்டாகாது. பெட்டியில் உள்ள வோல்ட் எண்ணில் மயங்க வேண்டாம். 18, 20, 21 மூன்றுமே உள்ளே ஐந்து லித்தியம் செல் தொடராக இருப்பதுதான். செல்லுக்கு 3.6 என்று கணக்குப் போட்டால் 18, முழு சார்ஜில் 4.2 என்று போட்டால் 21. பெயர் தெரியாத மெஷின்களில் 48, 88 என்றெல்லாம் ஒட்டியிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கும் அதே ஐந்து செல். மூன்றாம் வருடம் பேட்டரி தளரும்போது பிராண்ட் மெஷினுக்கு மாற்றுப் பேட்டரி கிடைக்கும். மலிவு மெஷின் அதோடு பரணுக்குப் போகும். எந்தப் பேட்டரியானாலும் தகரக் கூரைக்கு அடியில், முழு சார்ஜில், சித்திரை வெயிலில் வைத்தால் ஆயுள் குறையும். பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைப்பதே சரி.

46 பீஸ் சாக்கெட் செட் (நட்டின் மேல் கவிழ்த்துத் திருகுபவை) எல்லார் வீட்டிலும் இரண்டு இருக்கும். சைக்கிள், மிக்ஸி, ஃபேன் வேலைக்கு நல்லதுதான். அதில் பெரிய சாக்கெட் 14 மிமீ. கார் வீல் நட்டுக்கு 17, 19, 21 வேண்டும் என்பதால் அங்கே உதவாது. ஸ்பேனரால் முறுக்க வேண்டிய வேலையை, சாக்கெட்டைச் சுழற்றும் அந்தச் சின்ன ராட்செட் கைப்பிடியில் செய்தால் உள்ளே பல் உடையும். நூறு பீஸ், நூற்றைம்பது பீஸ் பெட்டிகளைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

சின்னப் பட்ஜெட்டுக்கு வருவோம். பிஎச்2 ஸ்குரு பிட் (கூட்டல் குறித் தலை ஸ்குருவுக்கானது), எஸ்2 என்ற கருவி எஃகில் செய்தது, பத்து. ஸ்குரு தலை சிதைவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த பிட்தான் காரணம், ஆனால் யாரும் அதை மாற்றுவதே இல்லை. எம்3 முதல் எம்8 வரை, அதாவது 3 முதல் 8 மிமீ போல்ட்டுக்கு, துளைக்குள் மரை போடும் டேப் செட்டும் அருமையான பரிசு. கூடவே சரியான ட்ரில் பிட்டுகளையும் வையுங்கள்: எம்4-க்கு 3.3, எம்5-க்கு 4.2, எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8 மிமீ. இது இல்லாமல் கொடுத்தால் கையில் இருக்கும் பிட்டில் துளை போட்டு, துளை சிறுத்து, டேப் உள்ளேயே முறியும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, ஒரு சொட்டு எண்ணெய். முறிந்த டேப்பை எடுப்பது போல ஒரு வேதனை வேறில்லை.

அளவு டேப் கொடுத்தால் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். நுனிக் கொக்கி லேசாக ஆடுவது குறை அல்ல. கொக்கியின் தடிமன் அளவுக்கே அது ஆடும், உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் கணக்குச் சரியாக வர. அதைச் சுத்தியலால் தட்டி இறுக்கிய டேப்புகள் நிறைய.

உளி பிடிக்கிறவருக்கு கூர் தீட்டும் வைரத் தகடு கொடுங்கள், 400, 1000 கிரிட் (சொரசொரப்பு எண்). நீர்க்கல் கூர் நன்றாகத் தரும், ஆனால் நடுவே பள்ளம் விழும்; கண்ணாடி மேல் 220 உப்புத்தாள் வைத்து அடிக்கடி சமன் செய்ய வேண்டும். வைரத் தகடு பள்ளம் விழாது. முதல் சில நாள் சொரசொரப்பாக இருக்கும், பிறகு அடங்கும். அழுத்தித் தேய்த்தால் வைரத்துகள் உதிர்ந்துவிடும்; கல்லில் பழகிய கை அழுத்தத்தான் பார்க்கும். பழைய கொட்டாப்புளி இருக்கிறவருக்கு ரப்பர் சுத்தியல் வாங்கித் தர வேண்டாம். புளிய மரக் கட்டையில் விழும் அடி உளிக்கு நேராக இறங்கும், ரப்பரில் துள்ளிப் போகும்.

கடைசியாகத் துரு. சிலிக்கா ஜெல், தையல் மிஷின் எண்ணெய் இரண்டும் சின்னப் பரிசுகள்தான், ஆனால் மற்றப் பரிசுகளைக் காப்பாற்றுபவை. தேங்காய் எண்ணெய் பூசக் கூடாது. குளிர் நாளில் உறைந்து காலிப்பர் சறுக்கும் இடத்தை இறுக்கிவிடும். ஆயுத பூஜைக்குக் கொடுப்பதாக இருந்தால் இன்னொன்று. குழைத்த சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் வரை எடுக்க மாட்டோம், அந்த ஈரம் இரவு முழுவதும் எஃகின் மேலேயே உட்கார்ந்திருக்கும். காலிப்பர் தாடையிலும் மூலைமட்டத்தின் விளிம்பிலும் காலையில் பொட்டு அளவுக்கு வட்டமாகப் பழுப்புக் கறை தெரிவது அதனால்தான். பொட்டைப் பெட்டி மேல் வைக்கலாம், வைஸின் பெயிண்ட் அடித்த பக்கத்தில் வைக்கலாம். எஃகில்தான் வைக்க வேண்டும் என்றால் முதலில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, விஜயதசமி காலையில் மறுபடி ஒரு துடைப்பு.