பின்னாலிருந்தா, கீழிருந்தா?

கல்லடிக் கடற்கரையில் பொழுதுபட்ட பிறகு, சில நாட்களில் ஒரு வெளிச்சப் பொட்டு நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்து போகும். அது சர்வதேச விண்வெளி நிலையம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரம், விநாடிக்கு 7.7 கிலோமீற்றர் வேகம். ஆளில்லாச் சரக்குக் கலம் அதை நெருங்க முக்கியமாக இரண்டு வழி.

ஒன்று, அதே பாதையில் பின்னாலிருந்து வருவது. சுற்றுப்பாதை ஒன்றே என்பதால் இடையில் தரித்து நிற்க எரிபொருள் அதிகம் வேண்டாம். எல்லாம் சரிபார்த்து அப்புறம் நகரலாம். 2008இல் ஐரோப்பாவின் ஜூல்ஸ் வேர்ன் என்ற சரக்குக் கலம் இப்படித்தான் தானாகப் போய்ப் பொருந்தியது. ஆனால் வேகத்தைக் குறைக்க நிலையத்தை நோக்கியே உந்தியை, அதாவது கலத்தைத் தள்ளும் சிறு ராக்கெட்டைப் பீச்ச வேண்டும். உந்தி அந்த நேரம் கைவிட்டால் கலம் போவது நிலையத்தை நோக்கித்தான்.

மற்றது, பூமிப் பக்கமிருந்து மேலே ஏறுவது. முகத்துவாரத்தில் நீரோட்டத்துக்கு எதிரே தோணி வலிப்பது போல. துடுப்பை விட்டால் தோணி தானே பின்வாங்கும் அல்லவா? உந்தி நின்றால் கலமும் அப்படியே கீழிறங்கி, தாழ்ந்த பாதையில் நிலையத்தை முந்தி விலகிவிடும். தரித்து நிற்கத்தான் எரிபொருள் கரையும். 2009இல் ஜப்பானின் எச்டிவி என்ற சரக்குக் கலம் இவ்வழியே வந்து சுமார் 10 மீற்றரில் நின்றது. நிலையத்தின் இயந்திரக் கை அதைப் பிடித்தது.

புதுக் கலத்தின் முதல் பயணம் என்றால் என் தெரிவு கீழ்வழி. நிலையத்தின் பின்பக்கக் கதவில்தான் பொருந்த வேண்டும் என்றால், சரி, வேறு பேச்சில்லை.